இடமிருந்து வலம்: ஊர்க் கூட்டப் படங்களின் வரலாறு

கிராம சபை நடக்கும் நாளிலும், நகராட்சி வார்டுகளில் பகுதி சபை கூடும் நாளிலும் நம் செல்போனுக்கு வந்து சேரும் படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பின்னால் ஒரு பேனர் இருக்கும். மேசை மேல் தண்ணீர் பாட்டில்கள், மேசைக்குப் பின்னால் தலைவரும் அதிகாரிகளும். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் சிலர், கீழே விரித்த ஜமுக்காளத்தில் பலர். யாரோ ஒருவர் தாளைப் பார்த்து வாசித்துக் கொண்டிருப்பார். கூட்டம் நடந்தது என்பது படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் அது எந்த ஊர், எந்தத் தேதி, எழுந்து நிற்பவர் யார், அவர் என்ன கேட்டார், பதில் கிடைத்ததா என்பதெல்லாம் தெரியாது. இருபது வருடம் கழித்து நம் பேரப்பிள்ளைகள் பார்த்தால் ஏதோ ஒரு விழா என்றுதான் நினைப்பார்கள்.

ஊர் கூடி எடுத்த முடிவைப் பதிவு செய்து வைப்பது நம் பக்கத்தில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கம் கல்லில் தொடங்கி, காகிதத்துக்கு வந்து, கேமராவுக்கு மாறியது எப்படி என்பதைத்தான் இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் பார்க்கப் போகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக் கொள்வோம்: இந்தப் பதிவில் யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டுப் போனார்கள்?

கல்லில் ஏறிய தீர்மானம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அந்த ஊர் சபை எடுத்த இரண்டு தீர்மானங்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லும் குடவோலை முறை அதில் விவரமாக இருக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி தேர்வாக முடியாது என்றும் விதி இருந்தது.

அரசன் அனுப்பிய அதிகாரி கூட்டத்தில் உடன் இருந்தார் என்பதையும் கல்வெட்டு குறித்து வைத்திருக்கிறது. 919ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் வரும் அந்த அதிகாரியின் பெயர் தத்தனூர் மூவேந்தவேளான். ஆக அந்தக் கூட்டம் எப்போது நடந்தது, யார் முன்னிலையில் நடந்தது, என்ன முடிவானது என்ற மூன்றும் நமக்குக் கிடைத்துவிட்டன. முடிவுக்கு எதிராக யாராவது பேசினார்களா என்பது மட்டும் கிடைக்கவில்லை. அது நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களின் சபை. அந்த ஊரில் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை, ஆகவே கல்லிலும் இடமில்லை.

தமிழ்நாட்டுக்குக் கேமரா வந்த புதிதில் செய்த வேலைகளில் ஒன்று, இப்படிக் கல்லில் இருந்த எழுத்தைக் காகிதத்துக்குக் கொண்டு வந்தது. கம்பெனி ராணுவ அதிகாரியான லின்னேயஸ் டிரைப் 1856இல் சென்னை அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனவர், கோபுரத்தை எடுத்ததோடு நிற்கவில்லை. விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒன்றாக ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள சுருளாக ஆக்கினார். கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு உள்ள சுவர் அது. கேமராவை ஓர் அழகுப் பொருளாக மட்டும் பார்க்காமல் ஆவணக் கருவியாக அவர் பயன்படுத்தியது, 160 ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்கு ஒரு பாடம்.

நாற்காலி வரிசை

ஆங்கிலேயர் காலத்து உள்ளாட்சி 1882 மே 18 அன்று ரிப்பன் பிரபு கொண்டு வந்த தீர்மானத்துக்குப் பிறகு வேகம் பிடித்தது. 1884இல் சென்னை மாகாணத்துக்கு நகராட்சிச் சட்டம் ஒன்றும் தல போர்டு சட்டம் ஒன்றும் வந்தன. நம் கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. பிறகு 1920இல் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டம்தான், திருத்தங்களோடு, நூறு ஆண்டுக்கு மேல் தமிழ்நாட்டு நகராட்சிகளை நடத்தியது. 2023 ஏப்ரலில்தான் அதன் இடத்தில் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருந்த இரண்டு விதிகளை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒன்று, மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. தலைமை வகிப்பவர் யாரையாவது வெளியே போகச் சொன்னால், அதற்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும். இரண்டு, கூட்ட நடவடிக்கைகளைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஊரில் வரி கட்டும் எவரும் அலுவலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதாவது கூட்டத்தில் உட்காரவும் எழுதியதைப் படிக்கவும் நம் தாத்தா காலத்திலேயே உரிமை இருந்தது. கேமராவைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் பேசவில்லை.

பேசாததற்குக் காரணமும் இருக்கிறது. அந்தக் காலத்துக் கேமராவுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். படம் பதியும் வரை ஆட்கள் அசையக்கூடாது. அறைக்குள் எடுக்க மக்னீசியப் பொடியைப் பற்ற வைத்தால் புகை மண்டிவிடும். எனவே பேச்சும் சச்சரவுமாக நடக்கும் கூட்டத்தைப் படம் எடுக்க வழியில்லை. கூட்டம் முடிந்த பிறகு எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்து வந்து, தலைவரை நடுவில் உட்கார வைத்து, மற்றவர்களைப் பதவி வரிசைப்படி நிறுத்தி எடுத்தார்கள். நம் வீடுகளில் இருக்கும் பள்ளிக்கூட குரூப் போட்டோவும் இதே முறையில் எடுத்ததுதான். அந்தப் படங்களில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: கீழே 'அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள், இடமிருந்து வலம்' என்று பெயர்களை அச்சடித்தார்கள். குறை என்னவென்றால் அதில் எல்லோரும் ஒரே கட்சி போல நிற்பார்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால் அறைக்குள் யார் யாரோடு மோதினார் என்பதை அந்தப் படத்தில் தேடினாலும் கிடைக்காது.

கூட்டம் நடக்கும்போதே படம் எடுக்கும் வழியைத் திறந்தவர்களில் முதன்மையானவர் எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர். 1920களின் நடுவில் எர்மனாக்ஸ் என்ற சிறிய கேமரா வந்தது. அதன் லென்ஸ் அறையின் சாதாரண விளக்கு வெளிச்சத்திலேயே படம் பிடித்தது. சாலமன் அதை வைத்துக் கொண்டு நீதிமன்றங்களிலும் சர்வதேச மாநாடுகளிலும் நுழைந்தார். மேசை மேல் சாய்ந்து தூங்கும் மந்திரிகளையும், காதோடு காது பேசும் தூதர்களையும் உலகம் முதல்முறையாகப் பார்த்தது. யூதர் என்பதால் நாஜிகளிடம் சிக்கிய அவர் 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தார். அவர் திறந்துவிட்ட வழி மூடவில்லை. ஆனால் வெகுகாலம் அந்த வகைக் கேமரா பெரிய தலைவர்கள் பின்னாலேயே ஓடியது. சின்ன ஊர்களின் கூட்டங்களை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

எழுந்து நின்ற ஒருவர்

சின்ன ஊர்க் கூட்டத்தை உலகம் அறியச் செய்த முதல் படம் புகைப்படம் அல்ல, ஓவியம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்லிங்டன் என்ற சிற்றூரில் வசித்த ஓவியர் நார்மன் ராக்வெல், தன் ஊர்க் கூட்டம் ஒன்றில் பார்த்ததை மனதில் வைத்து 'பேச்சுரிமை' என்ற ஓவியத்தை வரைந்தார். எரிந்து போன பள்ளிக்கூடத்துக்குப் பதில் புதிய கட்டடம் கட்டுவது பற்றி அங்கே பேச்சு நடந்தது. எல்லோரும் ஆதரித்தபோது ஓர் ஆள் மட்டும் எழுந்து, செலவு கட்டுப்படியாகாது என்று எதிர்த்தார். மற்றவர்களுக்கு அவர் சொன்னது பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்டுக் கொண்டார்கள். 1943 பிப்ரவரியில் ஒரு வார இதழில் அந்த ஓவியம் அச்சாகி நாடு முழுவதும் பரவியது.

ஓவியத்தில் அந்த ஆள் வேலைக்குப் போகும் உடுப்பில் நிற்கிறார். சுற்றிலும் கோட்டு, டை அணிந்தவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அவருடைய சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு தாள் துருத்திக் கொண்டிருக்கிறது. அது ஊரின் ஆண்டறிக்கை. கணக்கைப் படித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார் என்பதை ஓவியர் அந்த ஒரு தாளால் சொல்லிவிட்டார். நம் கிராம சபைப் படங்களில் மேசை இருக்கிறது, மாலை இருக்கிறது. கணக்குத் தாளோடு எழுந்து நிற்கும் ஆள் எத்தனை படங்களில் இருக்கிறார் என்று தேடிப் பாருங்கள்.

ஐம்பது ஆண்டு கழித்து இதே வேலையைக் கேமராவால் செய்தவர் பால் ஷாம்ப்ரூம். மினியாபொலிஸ் நகரத்துக்காரர். அதற்கு முன் பல ஆண்டுகள் அமெரிக்க ராணுவத்திடம் அனுமதி வாங்கி, அணு ஆயுதங்கள் வைத்திருக்கும் இடங்களைப் படம் எடுத்தவர். அதிகாரத்தின் மிகப் பெரிய வடிவத்தைப் பார்த்துவிட்டு, அதன் மிகச் சிறிய வடிவத்தைப் பார்க்கக் கிளம்பினார். 1999 முதல் 2003 வரை பல மாநிலங்களில் அலைந்து, 150க்கும் மேற்பட்ட சிற்றூர் மன்றக் கூட்டங்களில் பார்வையாளர் பக்கம் நின்று படம் எடுத்தார். அவை 2004இல் 'கூட்டங்கள்' என்ற பொருளுள்ள தலைப்பில் புத்தகமாக வந்தன.

அந்தப் படங்களில் பரபரப்பு எதுவும் கிடையாது. மடக்கு மேசைகள், ஒரு தேசியக் கொடி, காப்பிக் கோப்பைகள், களைத்துப்போன ஐந்தாறு பேர். குடிநீர்க் குழாய், நாய்த்தொல்லை, சாலைப் பள்ளம் போன்ற நமக்குத் தெரிந்த விஷயங்களைப் பேசத்தான் இப்படிப்பட்ட மன்றங்கள் கூடுகின்றன. ஷாம்ப்ரூம் அவற்றை மன்னர்களின் போர்க்காட்சி ஓவியங்கள் போலப் பெரிய அளவில் கேன்வாஸ் துணியில் அச்சிட்டு அருங்காட்சியகச் சுவரில் மாட்டினார். ஊர்க் குழாயைப் பற்றி முடிவெடுப்பவரும் வரலாற்று மனிதர்தான் என்பது அவருடைய எண்ணம்.

நமக்கு உதவுவது அவர் வைத்த தலைப்பு முறை. ஜார்ஜியா மாநிலத்தின் வாட்லி என்ற ஊரை எடுத்த படத்தில் ஊர்ப் பெயர், மக்கள்தொகை 2,468, நகர மன்றம், 2001 ஆகஸ்ட் 13 என்ற விவரங்களும், அதன்பின் அமர்ந்திருப்பவர்கள் பெயரும் 'இடமிருந்து வலம்' என்ற வரிசையில் இருக்கின்றன. புத்தகத்தில் படங்களோடு அந்தக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளையும் சேர்த்தார். பழைய குரூப் போட்டோவின் பெயர் வரிசையும், சாலமன் தொடங்கி வைத்த உள்ளபடியான காட்சியும், தீர்மானப் புத்தகத்தின் எழுத்தும் மூன்றும் அங்கே ஒன்று சேர்ந்துவிட்டன. 2,468 பேர் என்றால் நம் மாவட்டத்து ஊராட்சி ஒன்றின் அளவுதான்.

தெற்குத்திட்டை: ஒரு படம் சொன்ன சேதி

நம் பழைய தென்னார்க்காட்டின் இன்னொரு பகுதியான கடலூர் மாவட்டத்துக்கு வருவோம். புவனகிரிக்கு அருகே தெற்குத்திட்டை என்ற ஊராட்சி. தலைவர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, அப்படி ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 2020 அக்டோபரில் அந்த ஊராட்சிக் கூட்டத்தின் படம் ஒன்று வெளியே வந்தது. அதில் மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் தரையில் அமர்ந்திருந்தார். சில மாதங்களுக்கு முன் எடுத்த படம் என்று அப்போதைய செய்திகள் கூறின. அது நாடு முழுவதும் பரவிய பிறகு ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது.

யோசித்துப் பாருங்கள். எந்த ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தாலும் 'தலைவர் தலைமையில் கூட்டம் நடைபெற்றது' என்றுதான் முதல் வரி இருக்கும். அந்த வாசகத்தில் நாற்காலி பற்றி எதுவும் வராது. தலைமை வகித்தவர் எங்கே உட்கார வைக்கப்பட்டார் என்று எழுதுவதற்குப் புத்தகத்தில் கட்டமும் இல்லை. எழுத்து மறைத்ததைப் படம் காட்டிவிட்டது. அலுவலகத்துக்காக எடுக்கும் படத்தில் இப்படி ஒரு காட்சி வெளிவந்திருக்குமா என்பதும் யோசிக்க வேண்டியது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. தரையில் அமர்வதே அவமானம் என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. நம் ஊர்களில் கிராம சபை பெரும்பாலும் ஜமுக்காளத்தில்தான் கூடுகிறது. அதிகாரியும் சேர்ந்து கீழே உட்கார்ந்தால் அது மரியாதை. மற்றவர்கள் நாற்காலியில் இருக்கும்போது ஒருவர் மட்டும் கீழே இருப்பதுதான் கேள்வி. அதனால் ஒருவர் முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுத்த படத்தால் பயன் குறைவு. அறை முழுவதும் தெரிய வேண்டும், யார் யார் என்றும் எழுதியிருக்க வேண்டும்.

கதவைத் திறந்த சட்டங்கள்

கூட்டத்தில் உட்காரும் உரிமையும் படம் எடுக்கும் உரிமையும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் இந்த இரண்டுக்கும் நடுவே நூறு ஆண்டு இடைவெளி இருந்தது. வேல்ஸ் பகுதியில் டென்பி என்ற சிறிய கடற்கரை ஊரில், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியரை மன்றக் கூட்டத்துக்குள் விட மறுத்தார்கள். வழக்கு நீதிமன்றம் போய், பத்திரிகையை வெளியே நிறுத்த மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1908இல் தீர்ப்பானது. அதே ஆண்டு பாராளுமன்றம் சட்டம் போட்டுப் பத்திரிகையாளரை உள்ளே அனுமதித்தது. பொதுமக்களுக்கும் அந்த உரிமை 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அந்த மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டு வந்தவர் மார்கரெட் தாட்சர். பாராளுமன்றத்தில் அவருடைய கன்னிப் பேச்சே அதைப் பற்றியதுதான்.

படம் எடுக்கவும், ஒலிப்பதிவு செய்யவும், வீடியோ எடுக்கவும் இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு உரிமை கிடைத்தது 2014 ஆகஸ்ட் 6 அன்று. மிகச் சிறிய ஊர் மன்றங்களுக்கும் அது பொருந்தும். கூட்டத்துக்கு இடையூறு செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்த அந்த விதிக்குப் பிறகு அங்கே எந்த மன்றமும் இடிந்து விழவில்லை.

நம் பக்கம் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கிக் கொண்டிருக்கிறோம். பாராளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் உரை 1989 டிசம்பரில் தொலைக்காட்சியில் நேரலையானது. தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம் 2022 ஜனவரியில் நேரலைக்கு வந்தது. நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் மன்றத்தைத்தான் நாம் மிகக் குறைவாகப் பார்க்கிறோம்.

மலைக்கு மேலே

கல்வராயன் மலையின் கதை இதில் தனி. ஜடய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் அந்த மலை வெகுகாலம் இருந்தது. சுதந்திரம் வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அது அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. கீழே சமவெளியில் போர்டும் பஞ்சாயத்தும் தேர்தலும் நடந்து கொண்டிருந்த காலத்தில் மேலே நிலைமை வேறு.

அந்தக் காலத்திலும் மலைவாழ் மக்களைப் படம் எடுக்காமல் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் படங்களோடு வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். மலையாளி இன மக்களைப் பற்றியும் அதில் பகுதி உண்டு. தர்ஸ்டன் மண்டை அளவும் மூக்கு அளவும் எடுத்தவர். அந்த வகைப் படங்களில் மனிதர் ஒரு மாதிரிப் பொருளாக நிற்கிறார். ஊர் கூடிப் பேசி முடிவெடுப்பவராக அவரைக் காட்ட அந்தக் கேமராவுக்குத் தோன்றவில்லை.

இன்று மலையில் ஊர்க்கூட்டத்துக்கு இருக்கும் அதிகாரம் சாதாரணமானதல்ல. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்தில் யார் எவ்வளவு காலமாகப் பயிர் செய்கிறார்கள் என்ற கோரிக்கையை முதலில் விசாரித்துத் தீர்மானம் போடுவது கிராம சபைதான். 2012இல் திருத்திய விதிப்படி, அந்தச் சபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். சாதாரண கிராம சபைக்கு நம் மாநில விதிகள் வேறு: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். குக்கிராமங்கள் மலை முழுவதும் சிதறிக் கிடக்க, ஊராட்சி அலுவலகத்தில் நடக்கும் கூட்டத்துக்கு எல்லோரும் வந்து சேர்வது சுலபமில்லை. அங்கே 'எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர்' என்பதற்கு ஒரு நேர்மையான படம் இருந்தால், அது ஒரு குடும்பத்தின் பட்டாவுக்கே துணை நிற்கும்.

இதற்கு ஒடிசாவின் நியம்கிரி மலை நல்ல சாட்சி. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதை மலைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாவட்ட நீதிபதி ஒருவர் பார்வையாளராக இருக்க, 12 கிராமங்கள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. நீதிபதியும் பத்திரிகைகளும் பார்த்துக் கொண்டிருக்க நடந்த கூட்டம் என்பதால், முடிவைப் பின்னால் யாரும் மாற்றி எழுத முடியவில்லை. எல்லாக் கூட்டத்துக்கும் நீதிபதி வர முடியாது. ஒழுங்காக எடுத்து ஒழுங்காக வைத்த படம் கொஞ்சமாவது அந்த வேலையைச் செய்யும்.

படம் பெருகிவிட்டது, பதிவு?

இப்போது படத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை நிகழ்வுகளைப் பதிவு செய்ய 'நம்ம கிராம சபை' என்ற செயலியே இருக்கிறது. கூட்டத்தின் ஒலி, வீடியோவைக் கொடுத்தால் நடவடிக்கைக் குறிப்பைத் தானே எழுதித் தரும் 'சபாசார்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை 2025 ஆகஸ்டில் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அறிமுகப்படுத்தியது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் படம் மேலிடத்துக்குக் காட்டும் வருகைச் சான்றாக மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஓர் அனுபவம் இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வேலைத்தளங்களில் நாளுக்கு இருமுறை தொழிலாளர் படத்தைச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, நேரில் எடுக்காமல் படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று. கேமரா கட்டாயமாக்கப்பட்டதால் மட்டும் உண்மை வந்துவிடவில்லை. படத்தைப் பார்த்து 'இது நம் ஊர் இல்லையே' என்று சொல்ல ஊரில் ஆள் இருந்தால்தான் வரும்.

நாம் செய்யக்கூடியது

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. மாவட்டம் புதியது, ஊரக உள்ளாட்சித் தேர்தல் இங்கே 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. மாவட்டத்தின் முதல் தலைமுறை உள்ளாட்சி வரலாறு நம் கண் முன்னால் நடந்து கொண்டிருக்கிறது. கிராம சபைக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாட்கள். நகரத்தில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூடுகின்றன. குடியிருப்போர் சங்கம் இதில் செய்யக்கூடியது சின்ன வேலைதான்.

1. பின் வரிசையில் இருந்து, அறை முழுவதும் தெரிய ஒரு படம். யார் மேசையில், யார் நாற்காலியில், யார் கீழே, யார் வாசலில் என்பது அதில் வந்துவிடும்.

2. கேள்வி கேட்பவர் எழுந்து நிற்கும்போது ஒரு படம். பதில் சொல்பவரை எடுக்க ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

3. சுவரில் ஒட்டிய வரவு செலவுக் கணக்கும், தீர்மானம் வாசித்த பக்கமும் எழுத்துத் தெரிய ஒரு படம்.

4. அன்றே ஒரு வரி: ஊர் அல்லது வார்டு, தேதி, நேரம், வந்தவர் எண்ணிக்கை, பேசியது என்ன, பொறுப்பில் இருப்பவர்கள் இடமிருந்து வலம். பெயர் தெரியாதவரைத் தெரியாதவர் என்றே எழுதலாம்.

5. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் அழிந்துவிடும். அதனால் மூலப் படத்தைத் தனியே வைத்து, ஒன்றை அச்சுப் போட்டு ஆல்பத்தில் ஒட்ட வேண்டும்.

எடுக்கக் கூடாததும் உண்டு. மருத்துவ உதவிக்கோ உதவித்தொகைக்கோ மனு கொடுக்க வந்து கண் கலங்கி நிற்பவர், குழந்தைகள், வேண்டாம் என்று கை காட்டுபவர் ஆகியோரை விட்டுவிட வேண்டும். அதிகாரத்தில் இருப்பவரைப் பதிவு செய்வதும் கஷ்டத்தில் இருப்பவரைக் காட்சிப்பொருள் ஆக்குவதும் வேறு வேறு. எடுக்கும் முன் தலைமை வகிப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கத்துக்கும் பொருந்தும். அரசு அலுவலகம் எடுத்து வைத்திருக்கும் படமும் வீடியோவும் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 'பதிவு' என்ற வரையறைக்குள் வருபவை. விண்ணப்பம் எழுதிக் கேட்கலாம்.

கூட்டத்தில் நாம் கேட்ட குடிநீர்க் குழாய் அடுத்த ஆண்டும் வரவில்லை என்றால், 'அப்படி யாரும் கேட்கவில்லையே' என்ற பதிலுக்கு நம்மிடம் இன்று எதுவும் இல்லை. தேதியும் பெயரும் எழுதிய ஒரு படம் இருந்தால் அதை மேசையில் வைத்துப் பேச்சைத் தொடங்கலாம். ஒரு வார்டுக்கு ஒருவர் முன்வந்தால் போதும். அடுத்த பகுதி சபைக்குப் போகும்போது கேமராவோடு ஒரு பேனாவையும் எடுத்துக் கொண்டு போங்கள்.